வளவுக் கருங்கல் தூணா, கூடங்குளமா: எதில் கதிர்வீச்சு அதிகம்?

முகப்புத்திண்ணை:
போன வாரம் காரைக்குடியில் ஒரு சாந்திக் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், "கூடங்குளம் பக்கம் பஸ்ஸில் போனாலே உடம்பில் கதிர்வீச்சு ஏறிவிடும்" என்றார். படித்த மனுஷர் பேசுகிற பேச்சா இது? எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் வீட்டுக் கருங்கல்லில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 என்று கதிர்வீசும் பொருள்கள் மூன்றுமே இயற்கையாக உண்டு. கூடங்குளம் அணுஉலை வேலிக்கு வெளியே நிற்பவனைவிட, வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டு உள்முற்றத்தில், தூணில் சாய்ந்து வெற்றிலை போடுகிறவனுக்குத்தான் கதிர்வீச்சு அதிகம். மறுக்கிறவர்கள் எண்ணோடு வாருங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
எண்ணோடுதான் வருகிறேன் தம்பி. 1986 ஏப்ரல் 26, சோவியத் நாட்டுச் செர்னோபில் அணுஉலை விபத்து. அந்த வருஷம் மட்டும் ஊரைவிட்டுக் கிளப்பியது சுமார் 1,16,000 பேரை. 2011 மார்ச் 11, சுனாமியில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுஉலை. அங்கே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். எங்கள் வளவில் ஐயா காலத்துக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. அவற்றுக்குப் பயந்து ஒரு ராத்திரியாவது யாராவது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியதுண்டா? தூண் உருகுமா?

முகப்புத்திண்ணை:
அன்றாடக் கதிர்வீச்சைப் பற்றித்தான் நான் பேசினேன். உலக சராசரியில் மண், கல், காற்று, வானம் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதற்கு மேல் உலை போன்றவற்றால் பொதுமக்களுக்குக் கூடுதலாகச் சேரலாம் என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்த வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். விபத்து நடந்தபோது செர்னோபில் உலையை முழுதாக மூடும் கெட்டியான கான்கிரீட் உறையே கிடையாது. கூடங்குளத்தில் உறை உண்டு, எரிபொருள் உருகினாலும் அடியில் பிடித்து நிறுத்தும் கலமும் உண்டு. கருங்கல்லுக்குப் பதில் சொல்லுங்கள்.

கண்டனூர்க்காரன்:
அண்ணே, வளவுத் தூண் என்றால் பர்மாத் தேக்குதானே? கருங்கல் எங்கிருந்து வந்தது?

முகப்புத்திண்ணை:
எங்கள் வீட்டில் கருங்கல். உங்கள் வீட்டில் தேக்கு இருந்தது. அதைத்தான் பழம்பொருள் கடைக்கு ஏற்றிவிட்டீர்களே.

கண்டனூர்க்காரன்:
பதினான்கு புள்ளிக்கு, அதாவது பதினான்கு குடும்பத்துக்குப் பங்குள்ள வீடு அது. விற்றது பெரிய வீட்டுப் பங்காளிகள். எங்கள் அப்பச்சி கையெழுத்தே போடவில்லை. தெரியாமல் பேசாதீர்கள். இந்தப் பேச்சை வாபஸ் வாங்குங்கள்.

ஆத்தங்குடிக் கல்:
உங்கள் சண்டைக்கு நடுவில் என் பிழைப்பு போகிறது. இன்று காலை சென்னையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "உங்கள் ஊர்க் கல்லில் கதிர்வீச்சு இருக்கிறதாமே" என்று கேட்கிறார். நாங்கள் செய்வது தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். கல் என்று பெயரே தவிர, மலையை உடைத்து எடுப்பதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் கலர்ச் சாந்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறோம். கண்ணாடி பட்ட முகம்தான் அந்தப் பளபளப்பு. தலைப்பில் எந்தக் கல் என்று தெளிவாகப் போடுங்கள்.

முகப்புத்திண்ணை:
தலைப்பிலேயே கருங்கல் தூண் என்றுதான் இருக்கிறது. மணலிலும் சிமெண்டிலும்கூடக் கொஞ்சம் இருக்கும். இல்லாத பொருளே கிடையாது.

ஆத்தங்குடிக் கல்:
இதைத்தான் எழுதாதீர்கள் என்கிறேன்!

தேவகோட்டை ஆச்சி:
கல்லை விடுங்கள். கல்லுக்குள் இருப்பது கல்லுக்குள்ளேயே கிடக்கிறது. உலைக்குள் இருப்பது வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. உலையிலிருந்து கசியும் அயோடின்-131 என்ற கதிர்வீசும் பொருள் எட்டு நாளில் பாதியாகும். அந்த எட்டு நாளுக்குள் புல்லில் படியும், மாடு மேயும், பாலில் இறங்கும், பிள்ளை குடிக்கும், தொண்டையில் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். செர்னோபிலைச் சுற்றி அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களில் ஆயிரக்கணக்கானோருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. சீசியம்-137 என்று இன்னொன்று, அது பாதியாகவே முப்பது வருஷம். அது அதிகம் படிந்த மண்ணில் ஒரு தலைமுறைக்கு விதைக்க முடியாது. உங்கள் தூணை எந்த மாடு மேய்ந்தது?

2012-இல் மகள் வங்கி வேலையாக வள்ளியூரில் இருந்தாள். அவளைப் பார்க்கப் போனபோது, கூடங்குளம் உலையை எதிர்த்துப் போராட்டம் நடந்த இடிந்தகரைக்கும் போனேன். மாதா கோயில் பந்தலில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒருத்தி இலையை வெட்டிக்கொண்டே, "ஓடுன்னு சொன்னா எந்த ரோட்டுல ஓட ஆச்சி? ஒரு பக்கம் கடல்" என்றாள். மில்லிசீவர்ட் கணக்கில் அவளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

முகப்புத்திண்ணை:
2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நீரேற்று அறைக்குள் கடல் புகுந்தது. உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். உலையிலிருந்து கதிர்வீச்சு கசிந்து ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை ஏன் சொல்லவில்லை? பந்தலில் உட்கார்ந்தவர்கள் சொன்னது மட்டும்தான் ஆச்சி காதில் விழும். போன வருஷம் ஊருணி தூர்வாரும் விஷயத்திலும் இப்படித்தான், ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு வந்து எழுதினீர்கள்.

தேவகோட்டை ஆச்சி:
ஊருணியில் நான் சொன்னதுதான் நடந்தது. ஒரு மழைக்குக் கரை சரிந்ததா இல்லையா? கல்பாக்கத்தில் கடல் புகுந்தும் டீசல் ஜெனரேட்டர் தப்பியது. ஃபுகுஷிமாவில் அதுவே முங்கிப் போனது. குளிரவைக்க மின்சாரம் இல்லாமல் மூன்று உலைகள் உருகின. ஒருமுறை தப்பியதைச் சாட்சியாக வைத்து அடுத்த முறையும் தப்பும் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களா? எரிந்து தீர்ந்த எரிபொருள் கூடங்குளம் வளாகத்திலேயே இருக்கிறதே, அதை எத்தனை தலைமுறை காவல் காப்பது?

முகப்புத்திண்ணை:
எல்லாவற்றையும் பேசுகிறீர்கள். கருங்கல்லில் கதிர்வீச்சு இருக்கிறதா, இல்லையா? ஒரே வார்த்தை.

தேவகோட்டை ஆச்சி:
இருக்கிறது. அதனால் என்ன? வெற்றிலைப் பெட்டியோடு அங்கேயே சாய்ந்திருங்கள், ஒன்றும் ஆகாது. உலைக்கு அது சான்றிதழ் ஆகாது.

முகப்புத்திண்ணை:
இருக்கிறது என்று ஆச்சியே ஒப்புக்கொண்டுவிட்டார். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. முழுதாகப் படியுங்கள்.

ஆத்தங்குடிக் கல்:
இன்னொரு போன் வந்தது. தலைப்பை யார் மாற்றுவது?

கண்டனூர்க்காரன்:
அண்ணே, தேக்குப் பேச்சு இன்னும் அப்படியே நிற்கிறது. அதை எடுக்கும்வரை நானும் போகமாட்டேன்.