ஓபன் ஹவுஸில் நிற்கும் ஏஜென்டிடம் எவ்வளவு பேசலாம்?

மாடிப்படி:
அமெரிக்காவில் முதல் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். ஓபன் ஹவுஸுக்கு, அதாவது விற்கப்போகும் வீட்டை யாரும் வந்து பார்க்கத் திறந்துவைக்கும் நாளில், போனால் வாசலிலேயே ஐபேடை நீட்டுகிறார்கள். பெயர், போன், ஈமெயில், அப்புறம் 'உங்களுக்கு ஏஜென்ட் இருக்கிறாரா?' என்று ஒரு கேள்வி. பொய் நம்பர் போட்டுவிடு என்கிறார் மனைவி. எனக்கு அதில் உடன்பாடில்லை. இப்போதைக்கு எங்களுக்கு ஏஜென்ட் கிடையாது. அங்கே நிற்பவர்களில் ஒருவர் நல்லவராக அமைந்தால் அவரையே வைத்துக்கொள்ளலாமே என்று பார்க்கிறேன். மனம்விட்டுப் பேசலாமா, வேண்டாமா?

தென்னங்கீற்று:
வேண்டாம். அங்கே நிற்பவர் விற்பவருடைய ஆள். "லீஸ் எப்போ முடியுது?", "பிள்ளைகளுக்கு ஸ்கூல் எப்போ திறக்குது?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்பார். அடுத்த மாதம் லீஸ் முடிகிறது என்று நீங்கள் சொன்னால், உங்களுக்கு அவசரம் என்று அவருக்குப் புரிந்துவிடும். அதை விற்பவரிடம் போய்ச் சொல்வது துரோகம் இல்லை, அவருடைய கடமை. பட்ஜெட்டும் அப்படித்தான். இவ்வளவு வரை லோன் கிடைக்கும் என்று வாய்விட்டுவிட்டு, அதற்குக் கீழே ஆஃபர் போட்டால் எவர் மதிப்பார்?

புதன்சந்தை:
கீற்று சொல்வதில் பாதிதான் சரி. பல ஓபன் ஹவுஸ்களில் நிற்பவர் லிஸ்டிங் ஏஜென்டே, அதாவது வீட்டை விற்றுத்தர விற்பவர் அமர்த்திய ஆளே, இல்லை. அதே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், ஏஜென்ட் இல்லாமல் வரும் ஆட்களைப் பிடிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமையும் அங்கே காய்கிறார். அதனால் முதல் கேள்வி, "நீங்கதான் லிஸ்டிங் ஏஜென்டா?" அடுத்தது, "கூரை போட்டு எத்தனை வருஷம்? ஹீட்டர் எப்போ மாத்தினாங்க?" 'சூப்பர் கண்டிஷன்' என்று மழுப்பினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். "தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி அன்று மாலையே பதில் அனுப்புகிறவரைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். ஒருவர் வேலை செய்வதை நேரில் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இணையத்தில் ஐந்து நட்சத்திரம் பார்த்து ஆள் எடுப்பவர்களைத்தான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது.

தென்னங்கீற்று:
அதே அலுவலகம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். லிஸ்டிங் ஒப்பந்தம் அந்த அலுவலகத்தின் பெயரில்தான் இருக்கும். அந்த வீட்டையே வாங்க அவரையே வைத்துக்கொண்டால், பல மாநிலங்களில் அது இரட்டைப் பிரதிநிதித்துவம் ஆகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அலுவலகம் என்றால் உங்களுக்காக யார் அடித்துப் பேசுவது? ஃபுளோரிடா, கொலராடோ மாதிரி சில மாநிலங்கள் அதை அனுமதிப்பதே இல்லை. காரணம் இல்லாமலா?

புதன்சந்தை:
அந்த வீட்டுக்கு அவரை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லையே! அடுத்த வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

சாவிக்கொத்து:
நான் கலிஃபோர்னியாவில் ஏஜென்ட், என்னையும் பேச விடுங்கள். விற்பவரின் ஏஜென்ட் என்பதற்காக வாங்குபவரிடம் எதையும் மறைக்கலாம் என்று அர்த்தமில்லை. இங்கே வீட்டைக் கண்ணால் பார்த்துத் தெரியும் குறைகளை வாங்குபவருக்கு எழுதித் தரவேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. சுவரில் நீர்க்கறை தெரிந்தால் கேளுங்கள், சொல்லியாக வேண்டும்.

ஆனால் "நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தமிழர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டப்படி, இனத்தையோ மதத்தையோ வைத்து வாங்குபவரை ஒரு பகுதிக்குத் தள்ளுவது சட்டவிரோதம். அதனால் நாங்கள் பேச்சை மாற்றிவிடுவோம், உடனே எதையோ ஒளிக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

பொய் நம்பர் விஷயம்: அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறீர்கள், யார் வந்து போனது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? ஏஜென்ட் இருந்தால் அவர் பெயரை எழுதுங்கள், முறை தெரிந்தவர்கள் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். இல்லையென்றால் கூப்பிடுவோம், அதுதான் பிழைப்பு!

தென்னங்கீற்று:
அந்தக் கூப்பிடுதல் நிற்கவே நிற்காது என்பதுதான் பிரச்சினை. பொய் வேண்டாம், சரி. இதற்கென்று தனியாக ஒரு ஈமெயில் வைத்துக்கொள்ளுங்கள், போன் நம்பர் கேட்டால் 'ஈமெயில் போதும்' என்று சொல்லுங்கள். இன்னொன்று, சமையலறையில் நின்று "இது நமக்குன்னே கட்டின மாதிரி இருக்குங்க" என்று உருகாதீர்கள். வீட்டில் கேமரா இருக்கலாம், விற்பவர் தமிழராகவும் இருக்கலாம்.

கணக்குநோட்டு:
யாரும் காகிதத்தைப் பற்றிப் பேசவில்லையே. வீட்டு ஏஜென்ட்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கத்தின் மீது நடந்த கமிஷன் வழக்கில், 2023 அக்டோபரில் மிசௌரி ஜூரி சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மார்ச்சில் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதன்படி 2024 ஆகஸ்ட் 17 முதல், ஒரு ஏஜென்ட் உங்களுக்காக வேலை செய்து வீடு காட்டுவதென்றால், அதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அவருடைய கட்டணம் எவ்வளவு என்பதும், அது பேசி முடிவு செய்யக்கூடியது என்பதும் அதில் இருக்கவேண்டும்.

நீங்களாக ஓபன் ஹவுஸுக்குப் போய்ப் பார்க்க அந்த விதிப்படி ஒப்பந்தம் தேவையில்லை. வருகைப் பதிவு என்று நீட்டுவதில் கையெழுத்துக் கேட்டால் நிறுத்திப் படியுங்கள்.

மாடிப்படி:
போன வாரம் ஒருவர் நீட்டியது அப்படி ஒரு தாள்தான் போலிருக்கிறது. 'இது சும்மா ஃபார்மாலிட்டி' என்றார், வாங்காமல் வந்துவிட்டேன்.

சாவிக்கொத்து:
நல்லது. ஆனால் எல்லாத் தாளும் பொறி இல்லை. 'நான் உங்கள் ஏஜென்ட் அல்ல' என்று தெரியப்படுத்தும் தாளும் உண்டு, அது உங்களுக்கே பாதுகாப்பு.

கணக்குநோட்டு:
தலைப்பைப் பார்த்தாலே எந்தத் தாள் என்று தெரிந்துவிடும். ஒப்பந்தமாக இருந்தால் காலக்கெடுவைப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு, ஒரு நாளைக்கு என்றுகூடப் போட்டுக்கொள்ளலாம். ஆறு மாதம் என்று அச்சடித்து வைத்திருந்தால் அடித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

புதன்சந்தை:
அப்படி அடிக்கச் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஆளை நேரில் பார்த்து எடை போடலாம் என்று நான் சொன்னது இதைத்தான், இதுவே ஒரு நேர்காணல்.

தென்னங்கீற்று:
நேர்காணல் நடத்துங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? லீஸ் முடியும் தேதியை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.