சிறுவர் பாட்காஸ்ட்டில் வருமானம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சிறுவர்களுக்கு அறிவியல் சொல்லும் தமிழ் பாட்காஸ்ட் ஒன்றைத் தொடங்கப் போகிறேன். ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஆர்எஸ்எஸ் ஃபீட் (புது எபிசோடுகளைச் செயலிகளுக்குத் தானாகத் தெரிவிக்கும் இணைப்பு) இருந்தால் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் இரண்டிலும் சேர்த்துவிடலாம், சரி.

குழப்பம் வருமானத்தில்தான். விளம்பரதாரர்கள் பெரும்பாலும் ஆயிரம் கேட்புகளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள்; தொடக்கத்தில் அது கைகொடுக்காது. யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களோடு, 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதைத் தாண்டினாலும், சிறுவர்களுக்கானது என்று குறித்த வீடியோக்களுக்குத் தனிப்பயன் விளம்பரங்கள் (பார்ப்பவரின் விருப்பத்துக்கேற்பக் காட்டப்படுபவை) வராது; வருமானம் குறையும். அதனால்தான் பெற்றோரிடம் நேரடியாக மாதச் சந்தா கேட்பதே நேர்மையான வழி என்று நினைக்கிறேன். எல்லாக் குழந்தைகளும் இலவசமாகக் கேட்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

அப்படியானால் சந்தா கட்டும் பெற்றோருக்குத் தனியாக என்ன தரலாம்? எத்தனை எபிசோடுகளுக்குப் பிறகு சந்தா கேட்கத் தொடங்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.