டேர்போ பூட்டிய பழைய கெப் புகை டெஸ்டில் பாஸ் ஆகாதாம்

கொட்டாஞ்சேனை டீசல்
நேற்று இங்கே விற்பனைப் பகுதியில் வத்தளை வாசன் என்பவர் இப்படி எழுதியிருந்தார்: "டேர்போ பூட்டிய பழைய டபுள் கெப்பை வாங்காதீர்கள். டீசல் அளவைக் குறைக்க பம்ப் ஸ்குரூவை அரைச் சுற்று மூடாமல் ஒன்றும் புகை டெஸ்டில் பாஸ் ஆகாது." அதை வாசித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. என்னுடையது 1993 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், எல்என்106 மொடல். 3எல் எஞ்சின், 2779 சிசி. கம்பனியிலிருந்து வரும்போது டேர்போ இல்லை, 2016 இல் நான் பூட்டினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வாகன லைசன்ஸ் எடுக்க முன் டெஸ்டுக்குப் போய் முதல் தடவையிலேயே பாஸ். இந்த வருடம் கே மதிப்பு (புகையின் அடர்த்தி, குறைந்தால் நல்லது) 1.9. பம்ப் ஸ்குரூவில் நான் கை வைக்கவில்லை. வாசன் வந்து பதில் சொல்லட்டும்.

வத்தளை வாசன்
வந்துவிட்டேன். 3எல் டீசல் பம்பில் பூஸ்ட் காம்பன்சேட்டர், அதாவது டேர்போ காற்றுக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் பாகம், கிடையாது. அது டேர்போவோடு வரும் 2எல்-டி எஞ்சினின் பம்பில்தான் உண்டு. ஆகவே டேர்போ பூட்டியும் இழுவை கூட வேண்டுமென்றால் ஸ்குரூவை உள்ளே திருப்பி டீசலைக் கூட்டியே ஆகவேண்டும். திருப்பினால், பெடலை ஒரேயடியாக மிதிக்கும்போது காற்று வந்து சேர முன்னே டீசல் போய்விடும். கறுப்புப் புகை அதுதான். டெஸ்டில் செய்வதும் அதே மிதிதானே? கியர் இல்லாமல், எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலில் இருந்து கடைசி வரை, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. கை வைக்காமல் 1.9 வந்தது என்பதை என்னால் நம்ப முடியாது.

புதியவன்
அண்ணாமார், ஒரு சின்னக் கேள்வி. 'மாற்றியமைத்த வாகனம்' என்று எதைச் சொல்வார்கள்? டேர்போ மட்டும் பூட்டினாலும் அதுவா, அல்லது எஞ்சினையே மாற்றினால்தானா?

கொட்டாஞ்சேனை டீசல்
வாசன், நீங்கள் நம்ப வேண்டும் என்று என் எஞ்சின் காத்திருக்கவில்லை. புகை என்பது காற்றுக்கு மிஞ்சிய டீசல். டேர்போ காற்றைக் கூட்டுகிறது. டீசலைக் கூட்டாமல் விட்டால் புகை குறையத்தான் செய்யும். இதை பஞ்சிகாவத்தையில் கடை வாசலில் நிற்கும் பொடியனும் சொல்வான்.

நான் டெஸ்டுக்குப் போக முன் செய்வதைச் சொல்கிறேன், பிழை இருந்தால் காட்டுங்கள். எயார் ஃபில்டர் புதிது. எஞ்சினுக்குள் டீசல் தெளிக்கும் நான்கு நொசிலையும் பம்ப் ரூமில் (டீசல் பம்ப் திருத்தும் கடை) கொடுத்துப் பிரஷரும் தெளிப்பும் பார்ப்பேன். ஒரு நொசில் சொட்டினாலும் போதும், கணக்கு முழுக்கப் பிழைத்துவிடும். வால்வ் இடைவெளி பார்ப்பேன். டைமிங் பெல்ட் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று பார்ப்பேன், ஏனென்றால் அந்த மிதிக்குப் பழைய பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி எஞ்சினே போய்விடும். ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய பெல்ட்டை ஒன்றரை லட்சம் ஓட்டிவிட்டு டெஸ்ட் நிலையத்தைத் திட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக, பேலியகொடையில் ஏறி கட்டுநாயக்க வரை அதிவேகப் பாதையில் ஒரே இழுவையாகப் போய் வருவேன். ஒரு பக்கம் 25 கிலோமீற்றருக்கு மேல். எஞ்சின் வடிவாகச் சூடாகும், கொழும்பு நெரிசலில் சைலன்சருக்குள் படிந்த கரி வெளியே போகும். சூடு ஆற முன் டெஸ்டுக்குப் போய்விட வேண்டும். வரிசையில் ஒரு மணி நேரம் ஐடிலில் விட்டால் பாதிப் பலன் போய்விடும்.

2016 இல் டேர்போ பூட்டியபோது மெக்கானிக் பாஸ் பம்ப் ஸ்குரூவைக் கால் சுற்று திருப்பினார். அதற்குப் பிறகு அந்த ஸ்குரூவை யாரும் தொடவில்லை.

வத்தளை வாசன்
கால் சுற்று! காலையில் "கை வைக்கவில்லை", இப்போது "கால் சுற்று". எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனை டீசல்
டெஸ்டுக்காகக் கை வைக்கவில்லை என்றேன். டேர்போ பூட்டிய அன்று பாஸ் திருப்பியது வேறு.

வத்தளை வாசன்
அப்படி எழுதவில்லை. "பம்ப் ஸ்குரூவில் நான் கை வைக்கவில்லை" என்றுதான் எழுதினீர்கள். மேலே அப்படியே கிடக்கிறது.

கொட்டாஞ்சேனை டீசல்
"நான்" என்று எழுதினேன். திருப்பியது பாஸ்.

மருதானை பம்ப் ரூம்
இரண்டு பேருக்கும் சலாம். இருபது வருடமாக இந்தப் பம்புகளைக் கழற்றிப் பூட்டுகிறேன். அந்த ஸ்குரூவை உள்ளே திருப்பினால் ஐடிலும் சேர்ந்து ஏறும், பிறகு ஐடில் ஸ்குரூவில் குறைக்க வேண்டும். டெஸ்டுக்கு முன் மூடி, பிறகு திறக்கிறவர்களின் வாகனம் ஐடில் பிழைத்து என்னிடம்தான் வரும். கால் சுற்றுக்குக் கறுப்புப் புகை வந்தே ஆகும் என்று சொல்ல முடியாது. நொசில் நல்லதென்றால் தாங்கும். அரைச் சுற்று என்றால் கஷ்டம்.

கொட்டாஞ்சேனை டீசல்
பம்ப் ரூம் நானா சொல்லிவிட்டார். கால் சுற்று தாங்கும்.

வத்தளை வாசன்
நானா "நொசில் நல்லதென்றால்" என்றும் சொன்னார். நொசிலைப் பற்றிக் கதைக்க இவருக்கு என்ன தகுதி? 2022 இல், டீசலுக்கு கியூஆர் காட்டி வரிசையில் நின்ற காலத்தில், எனக்கு ஒரு நொசில் செட் விற்றார். இரண்டு சொட்டியது. காசு திரும்பி வரவில்லை. அதை நான் மறக்கவில்லை.

கொட்டாஞ்சேனை டீசல்
பாவித்த நொசில் என்று சொல்லித்தான் விற்றேன். பூட்ட முன் பம்ப் ரூமில் கொடுங்கள் என்றும் சொன்னேன். நீங்கள் கொடுக்கவில்லை. மூன்று வருடக் கோபத்தை என் கெப்பின் புகையில் காட்டாதீர்கள்.

22ஆர் ரசிகன்
டீசலைப் பிடித்துக்கொண்டு அழுகிறீர்கள். என்னுடையது 22ஆர் பெற்றோல், கார்பரேட்டர். எங்களுக்குப் புகை பார்ப்பதில்லை, கார்பன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகாபனும்தான். ஐடிலில் ஒரு தடவை, 2500 ஆர்பிஎம்மில் ஒரு தடவை. கலவையைச் சரியாக வைத்தால் கதை முடிந்தது.

கொட்டாஞ்சேனை டீசல்
பெற்றோல் கெப்பில் கடுகண்ணாவை ஏற்றம் ஏறிய பிறகு வந்து கதையுங்கள்.

22ஆர் ரசிகன்
ஏறியிருக்கிறேன். மேலே நின்று உங்களைப் போன்றவர்களுக்காகக் காத்தும் இருந்திருக்கிறேன்.

வெள்ளவத்தை நடையன்
நான் வாகனக்காரன் இல்லை. காலி வீதியோரமாகப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு நடப்பவன். அவளுக்கு மூச்சிழுப்பு. 2008 இல் மேல் மாகாணத்தில் இந்தப் பரிசோதனை தொடங்கியபோது நான் சந்தோஷப்பட்டேன். டெஸ்டுக்கு ஒரு புகை, றோட்டுக்கு ஒரு புகை என்றால் அந்தச் சான்றிதழ் எதற்கு? கால் சுற்றா அரைச் சுற்றா என்பது என் மகளின் நெஞ்சுக்குத் தெரியாது.

கொட்டாஞ்சேனை டீசல்
ஐயா, உங்கள் மகளுக்காகத்தான் நானும் கதைக்கிறேன். டெஸ்டுக்கு ஒன்று றோட்டுக்கு ஒன்று என்று செய்பவர்கள் மேல்தான் எனக்கும் கோபம். வாசன் எங்கள் எல்லோரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. என் கெப்பின் பின்னால் நடந்து வந்து பாருங்கள்.

வெள்ளவத்தை நடையன்
என் பிள்ளையை எந்த வாகனத்தின் பின்னாலும் நடக்க விடமாட்டேன். பஸ்களைப் பற்றியும் யாராவது எழுதுங்கள்.

22ஆர் ரசிகன்
பஸ் கதை தொடங்கினால் விடிந்துவிடும்.

வத்தளை வாசன்
பஸ்ஸை விடுங்கள். கொட்டாஞ்சேனையாரே, கியர் போடாமல் மிதிக்கும்போது லோட் இல்லை. லோட் இல்லாமல் டேர்போ எவ்வளவு ஊதும்? ஆகவே "டேர்போ காற்றைக் கூட்டுகிறது" என்ற உங்கள் பாடம் டெஸ்ட் நிலையத்தில் செல்லாது. அங்கே கேள்வி ஒன்றுதான். ஸ்குரூ எங்கே நிற்கிறது?

கொட்டாஞ்சேனை டீசல்
அங்கே டேர்போ ஊதாது என்றால் புகைக்கும் டேர்போ காரணம் இல்லை. அப்படியானால் "டேர்போ பூட்டியதை வாங்காதீர்கள்" என்று ஏன் எழுதினீர்கள்? 2020 இலிருந்து வாகன இறக்குமதி நின்று, 2025 இல் திறந்தும், புதிய டபுள் கெப் வாங்க எங்களிடம் பணம் இல்லை. இந்தப் பழைய கெப்பில்தான் நான் மரக்கறி ஏற்றிப் பிழைக்கிறேன். உங்கள் ஒரு வரியால் நாளைக்கு விற்கப் போனால் விலை விழும்.

வத்தளை வாசன்
அப்படியானால் விற்கப் போகிறீர்கள். அதுதான் இவ்வளவு சூடு.

கொட்டாஞ்சேனை டீசல்
விற்கவில்லை! என் தகப்பனார் வாங்கிய வாகனம் அது.

புதியவன்
அண்ணாமார், நான் எஞ்சினை மாற்றிய கெப் ஒன்று பார்த்திருக்கிறேன். வாகனப் பதிவுப் புத்தகத்தில் பழைய எஞ்சின் நம்பர்தான் இருக்கிறது. இது மாற்றியமைத்ததில் சேருமா?

மருதானை பம்ப் ரூம்
தம்பி, அந்த நம்பரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் திருத்த வேண்டும். புகையைப் பிறகு பார்க்கலாம். விற்பவரே திருத்தித் தரட்டும், அதுவரை முற்பணம் கொடுக்காதீர்கள்.

வத்தளை வாசன்
நான் ஒரு மாதத்துக்கு முன் காலிமுகத்திடலில் இவருடைய கெப்புக்குப் பக்கத்தில் நின்றேன். ஐடில் கூடுதலாகத்தான் கேட்டது. ஐடில் கூடினால் ஸ்குரூ உள்ளே. நானாவே சொன்னார்.

கொட்டாஞ்சேனை டீசல்
ஏசி போட்டிருந்தேன். ஏசி போட்டால் ஐடில் ஏறும், அதற்கென்றே ஒரு பாகம் வைத்திருக்கிறார்கள். பம்ப் ஸ்குரூவின் நட்டில் 2016 இல் பாஸ் மஞ்சள் பெயின்ட் கோடு போட்டார். திருப்பியிருந்தால் கோடு உடைந்திருக்கும். ஞாயிறு காலை ஏழு மணி, அதே காலிமுகத்திடல். பொனற்றைத் திறந்து வைக்கிறேன், வந்து பாருங்கள்.

வத்தளை வாசன்
பெயின்ட் திரும்பவும் அடிக்கலாம்.

கொட்டாஞ்சேனை டீசல்
ஒன்பது வருட எண்ணெய்ப் பிசுக்கையும் திரும்ப அடிக்க முடியுமா? ஏழு மணிக்கு வாருங்கள்.

வத்தளை வாசன்
ஞாயிறு எனக்குக் கோயில். ஆனால் கால் சுற்று என்று நீங்களே எழுதியது இங்கே இருக்கிறது.

கொட்டாஞ்சேனை டீசல்
கோயிலுக்குப் பிறகு வாருங்கள். பத்து மணி வரை நிற்பேன். கால் சுற்று, பாஸ் திருப்பியது.