2011 மே 21: கீழ்வீட்டு அம்மாவும் முன்குறித்தலும்

உலகம் முடியும் என்று நாள் குறிக்கப்பட்ட அனுபவங்களை இங்கே எழுதியவர்களில் பலர் 1999 டிசம்பர் 31 இரவு ஆராதனையைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பயம் எங்கள் திருநெல்வேலிப் பக்கமும் இருந்தது. ஆனால் என் மனதில் இன்றும் நிற்பது 2011 மே 21, கிறிஸ்துவின் வருகைக்கும் நியாயத்தீர்ப்புக்கும் ஹெரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் போதகர் குறித்த நாள். அப்போது நான் வேலை விஷயமாகக் கலிபோர்னியாவில், ஓக்லாண்டுக்குக் கொஞ்சம் தெற்கே குடியிருந்தேன். கேம்பிங்கின் ஃபேமிலி ரேடியோ என்ற கிறிஸ்தவ வானொலி இயங்கியது அந்த ஓக்லாண்டிலிருந்துதான்.

'இயேசு சீக்கிரம் வருகிறார்' என்ற சுவரெழுத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். வருகையை இன்றும் நம்புகிறேன். நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகையில் அதற்குத் தேதியும் போட்டிருந்ததைப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். நியூயார்க்கில் ஓய்வுபெற்ற ஒருவர் தன் சேமிப்பிலிருந்து 1,40,000 டாலர் எடுத்து இதே தேதியை விளம்பரம் செய்தார் என்று செய்திகளில் வந்தது.

எங்கள் கீழ்வீட்டில் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து குடியேறிய ஒரு அம்மா இருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாக இருந்தவர். கேம்பிங்கின் பேச்சை வருடக்கணக்காகக் கேட்டு வந்தவர். ஒருநாள் துண்டுப்பிரதி ஒன்றைக் கையில் கொடுத்து, உட்காரவைத்துக் கணக்கை விளக்கினார். நோவா காலத்து வெள்ளம் கி.மு. 4990. ஆதியாகமம் 7:4-ல் கர்த்தர் 'இன்னும் ஏழுநாள்' என்கிறார். 2 பேதுரு 3:8-ன்படி ஒருநாள் ஆயிரம் வருஷம்போல. ஆக வெள்ளத்திலிருந்து 7000 ஆண்டு. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ஜிய ஆண்டு கிடையாது என்பதால் ஒன்றைக் கூட்டினால் 2011. கேம்பிங் பொறியியல் படித்தவர். கூட்டல் கழித்தலில் தப்பு இல்லை. 4990 என்ற ஆண்டும், அந்த ஏழு நாளை இந்த 7000 ஆண்டாக எடுத்துக்கொள்ளலாம் என்பதும் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். "அவர் ஐம்பது வருஷம் வேதத்தை ஆராய்ந்தவர்" என்று மட்டும் சொன்னார்.

தேதியாவது போகட்டும். அதற்கு அடுத்து அவர் சொன்னதைத்தான் நான் தாங்கவில்லை. கேம்பிங், கால்வின் வழிவந்த சீர்திருத்த சபைப் பின்னணியில் வந்தவர். இரட்சிப்பு முழுக்க தேவனுடைய தெரிந்துகொள்ளுதல் (யாரை இரட்சிப்பது என்று அவரே முன்குறித்துத் தெரிந்தெடுப்பது), மனிதன் செய்யக்கூடியது இரக்கத்துக்காகக் கெஞ்சுவது மட்டும் என்று போதித்தார். அந்த நாளில் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறவர்கள் சுமார் 20 கோடி, அதாவது உலக மக்களில் நூற்றுக்கு மூன்று பேர் என்று கணக்கும் சொன்னார்.

"இந்தக் குடியிருப்பில் நூறு பேர் இருப்போமா? அப்படியென்றால் மூன்று பேர்" என்றார் அந்த அம்மா.

"அதில் நீங்கள் உண்டுதானே?"

"தெரியாதும்மா. கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்."

வேறு ஊரில் இருந்த மகன் கோயிலுக்குப் போவதில்லை. அவன் அந்த மூன்றில் இருக்கமாட்டான் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டார். அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஜூன் மாதம் பல் மருத்துவரைப் பார்க்க வாங்கிவைத்திருந்த நேரம் எழுதிய அட்டை ஒட்டியிருந்தது. அதை அவர் ரத்துசெய்யவில்லை என்று பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அன்று இரவே ஊரில் உபதேசியாராக இருந்த என் மாமாவுக்கு போன் செய்தேன். தேதியைக் கேட்டதும், "அந்த நாளைப் பிதா தவிர யாரும் அறியார்னு மத்தேயு 24:36 இருக்கே, அதுக்கு மேல என்ன பேச" என்று முடித்துவிட்டார். முன்குறித்தலைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினார். "பவுல் அதை யாருக்குப் பிள்ள எழுதினாரு? பாடுபட்டுக்கிட்டு இருந்தவங்களுக்கு. தைரியம் கொடுக்க எழுதினதை வச்சுப் பயங்காட்டலாமா? ரோமர் எட்டை முப்பதோட நிறுத்தாதே, முப்பத்தொன்பது வரைக்கும் வாசிச்சுக் காட்டு." முன்குறித்தலை அழுத்திப் போதித்த பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினே, நான் தெரிந்துகொள்ளப்பட்டேனா என்று தனக்குள்ளே தோண்டித் தேடாதே, கிறிஸ்து என்ற கண்ணாடியில் பார் என்றுதான் எழுதியிருக்கிறார் என்றும் சொன்னார். புதிய ஏற்பாட்டின் பெரும்பாலான புத்தகங்களுக்கு உரை எழுதிய கால்வின், கடைசிக் காலத்தைப் பேசும் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு எழுதவில்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நியாயத்தீர்ப்பு ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த ஊர் நேரம் மாலை ஆறு மணிக்கு, நில அதிர்ச்சியாகத் தொடங்கும் என்பது கேம்பிங்கின் அறிவிப்பு. நியூசிலாந்தில் சனிக்கிழமை மாலை ஆறு என்பது எங்களுக்கு வெள்ளி இரவு பதினொன்று. அதனால் விடியும் முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. காலையில் கீழே போனேன். தூங்காத கண்கள். இருந்தாலும் மாலை ஆறு வரை பார்க்கலாம் என்றார். சரி என்று அவரோடு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி வந்தது, போனது. தேநீர் போட்டுக் கொடுத்தேன், பாதி குடித்தார்.

இனி நிம்மதியாகிவிடுவார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை கேம்பிங் மறுபடி பேசினார். மே 21-ல் நியாயத்தீர்ப்பு ஆவிக்குரிய விதமாக வந்துவிட்டது, அக்டோபர் 21-ல் உலகம் முடியும், இனி யாரையும் எச்சரிக்க வேண்டியதில்லை என்றார். அந்த அம்மாவுக்கு அதன் பொருள் ஒன்றுதான்: கதவு அடைபட்டாயிற்று, மகன் வெளியே. தேதி தவறிப்போனால் பயம் போய்விடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். நான் பார்த்த அளவில், அதற்குப் பிறகு வந்த ஐந்து மாதம்தான் அவருக்கு மிகக் கொடுமையாக இருந்தது.

மாமா சொன்னபடி ரோமர் எட்டை அப்போதுதான் சேர்ந்து வாசித்தோம், அவர் ஆங்கிலத்தில், நான் தமிழில். 'மரணமானாலும், ஜீவனானாலும்' என்று தொடங்கும் இடத்தில், "இதில் நூற்றுக்கு மூன்று என்று இல்லையே" என்றார். இல்லை அம்மா என்றேன். அப்புறம் மகனைக் கூப்பிட்டார். மனந்திரும்பச் சொல்வதற்காக இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்பதற்காக.

அக்டோபரும் கடந்தது. 2012 மார்ச்சில் கேம்பிங் ஒரு கடிதம் வெளியிட்டார். நாள் குறித்தது பாவம் என்றும், மத்தேயு 24:36-ஐ எடுத்துக்காட்டியவர்கள் சொன்னது சரிதான் என்றும் ஒப்புக்கொண்டார். 2013 டிசம்பரில், 92 வயதில் இறந்தார். அந்தக் கடிதத்தை நான் மதிக்கிறேன். இப்படி நாள் குறித்தவர்களில் அதைச் செய்தவர்கள் குறைவு. ஆனால் 1994-ல் ஏற்கெனவே ஒருமுறை தேதி தவறியபோதே அது வந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் அமெரிக்காவில் மட்டும் நடப்பது என்று மேலே ஒரு தம்பி எழுதியிருந்தார். இல்லை தம்பி. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவராகி, குருவான யுஸ்தூஸ் யோசேப்பு, 1875-ல் திருவிதாங்கூரில் இதையேதான் சொன்னார்: ஆறு வருடத்தில் கிறிஸ்து வருவார். 1881-ல் அவரை நம்பிக் காத்திருந்த குடும்பங்கள் நம் பக்கத்து மலையாள நாட்டுக் குடும்பங்கள்.

'தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்' என்ற வசனத்தை இங்கே சிலர் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வசனத்தையும் சேர்த்துப் போடுங்கள்: 'எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.' சபையில் யாராவது தேதியோடு வந்தால், சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்னும் உபாகமம் 18:22-ஐ அவர் முன்னாலேயே திறந்து வாசியுங்கள். 'அவனுக்கு நீ பயப்படவேண்டாம்' என்றுதான் அந்த வசனம் முடிகிறது.

2011-ல் மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருந்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ஊரில் இது எப்படி வந்து சேர்ந்தது என்று எழுதுங்கள். குறிப்பாக, மே 22-க்குப் பிறகு அதை நம்பியிருந்தவர்களிடம் உங்கள் சபை எப்படி நடந்துகொண்டது?