காரணமே சொல்லாமல் மறுத்தால் பதில் மனுவில் என்ன எழுதுவது?

மனுக்காரர், காரைக்குடி

வணக்கம். 31 வருடமாக ஒரு அரசு அலுவலக வாசலில் மனு எழுதிப் பிழைக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன். போன வாரம் பேரன் செல்போனில் ஒரு செய்தி காட்டினான். இஸ்ரேலில் சில பெண்கள், பெரும்பாலும் வயதானவர்கள், விடியுமுன் ராணுவச் சோதனைச் சாவடியில் போய் நிற்கிறார்களாம். பயண அனுமதி மறுக்கப்பட்ட பாலஸ்தீனர்களுக்கு மனுவும் எழுதித் தருகிறார்களாம். அட, நம்ம தொழில்!

என் சந்தேகம் இதுதான். நிராகரிப்புக் கடிதம் வந்தால் நான் முதலில் தேடுவது காரணத்தை. 'சர்வே எண் பொருந்தவில்லை' என்றால் பொருத்திக் காட்டிவிடலாம். அங்கேயோ 'பாதுகாப்புக் காரணம்' என்பதோடு முடிந்துவிடுகிறதாம். பிடித்துக்கொள்ள நுனியே இல்லாத கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது? சாவடியில் போய் நிற்பதால்தான் என்ன பயன்? அந்தப் பக்கம் இருந்தவர்கள் சொல்லுங்கள். அரசியல் சண்டை வேண்டாம், நடைமுறை போதும்.

பள்ளத்தூர் வாசகன்

ஐயா, ஒரு பயனும் இல்லை. துப்பாக்கி வைத்திருப்பவன் பாட்டியைப் பார்த்தா பயப்படுவான்? எல்லாம் போட்டோவுக்குத்தான்.

கோட்டையூர்க்காரி

பள்ளத்தூர்த் தம்பி, போட்டோவுக்காக யாரும் குளிரில் காலை 4 மணிக்குக் கிளம்ப மாட்டார்கள். ஜெருசலேமில் 81 வயது அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஐந்து வருடம் இருந்தேன். 2019இல் ஊர் திரும்பினேன். அவர் மக்ஸோம் வாட்ச் அமைப்பில் இருந்தவர். 2001இல் தொடங்கியது, பெண்கள் மட்டும். மக்ஸோம் என்றால் ஹீப்ருவில் சாவடி. இடுப்பு ஆபரேஷன் முடிந்து வாக்கர் வைத்து நடப்பவரைத் தனியாக விட முடியாதே, நானும் கூடவே போனேன். வாயால் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மனதுக்குள் ஆச்சி என்பேன்.

நாங்கள் போனது கலந்தியா. ரமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவில் இருக்கிறது. ஞாயிறு அங்கே வாரத்தின் முதல் வேலை நாள், கூட்டம் நெரியும். கூண்டு மாதிரி கம்பி வழி, அதன் முடிவில் சுழல் கதவு. உள்ளே இருக்கும் சிப்பாய் பொத்தானை அழுத்தினால் மூன்று நான்கு பேர் போகலாம், அப்புறம் பூட்டிக்கொள்ளும். கையில் சாப்பாட்டுப் பையோடு கொத்தனார், பெயின்டர் என்று நூற்றுக்கணக்கில் நிற்பார்கள். என் பாஸ்போர்ட்டைக் காட்டினால் என்னை விட்டுவிடுவான். அங்கேயே பிறந்தவன் நிற்பான், கோட்டையூர்க்காரி போவாள். முதல் நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது.

நின்று என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். எத்தனை கவுன்டர் திறந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். வரிசையின் கடைசி ஆளைப் பார்த்து வைத்துக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆனது என்று குறிப்பார்கள். முதியவர், நோயாளி, பெண்களுக்கென்று தனிக் கதவு ஒன்று உண்டு, ஆனால் சாவியோடு யாராவது வந்தால்தான் திறக்கும். ஒருநாள், அகஸ்டா விக்டோரியா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் அந்தக் கதவடியில் நின்றாள். ஆச்சி ராணுவ அலுவலகத்துக்கு ஆறு தடவை போன் செய்தார். ஆறாவது தடவை சாவி வந்தது. ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அறிக்கையாக எழுதி இணையத்தில் போட்டுவிடுவார். தம்பி கேட்ட பயம் அங்கே யாருக்கும் இல்லைதான். சிப்பாய்க்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

இனி மனு. பத்து வருடமாக ஒரே முதலாளியிடம் வேலை பார்த்தவன், ஒரு காலையில் அட்டையை நீட்டினால் 'தடை' என்று வரும். தடை போடுவது ஷின் பெட் உளவுத்துறை. காரணம் சொல்ல மாட்டார்கள். கூப்பிட்டு, 'எங்களுக்குத் தகவல் சொல், தடையை எடுக்கிறோம்' என்று பேரம் பேசியதாகப் பலர் ஆச்சியிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். ஆச்சியும் தோழிகளும் ஹீப்ருவில் படிவம் நிரப்பி, அடையாள அட்டை நகல், முதலாளி கடிதம், அதிகாரப் பத்திரம் எல்லாம் சேர்த்து அனுப்புவார்கள். மறுத்தால் வக்கீல் மூலம் கோர்ட்.

மனுவில் வாதம் எதுவும் இருக்காது அண்ணே. எத்தனை பிள்ளைகள், எத்தனை வருட வேலை, வழக்கு ஏதும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் கோர்ட்டுக்குப் போனால் அரசுத் தரப்பு ரகசியக் கோப்பை நீதிபதியிடம் காட்ட வேண்டும். காட்டும் அளவுக்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று அப்போதுதான் யாரோ கோப்பைத் திறந்து பார்ப்பார்கள். விசாரணைக்கு முன்பே தடை நீங்கியவர்கள் நிறையப் பேர். நீங்காதவர்களும் உண்டு. அவர்கள் ஆச்சிக்கு மறுபடி போன் செய்வார்கள்.

மனுக்காரர், காரைக்குடி

அம்மா, புரிந்துவிட்டது! தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போட்டதும், 'காணவில்லை' என்ற கோப்பு மூன்றாம் நாள் மேசைக்கு வந்த கதை என்னிடம் பத்தாவது இருக்கும். என் அப்பா பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக இருந்தவர். 1964இல் கப்பலேற ரங்கூனில் காகிதத்துக்காகக் காத்துக் கிடந்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு மனு எழுத ஆளில்லை.

பழைய வக்கீல், சிவகங்கை

ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. இந்தப் பெர்மிட் முறை ஆதியிலிருந்தே இப்படி இருந்ததல்ல. 1967இல் மேற்குக் கரையையும் காசாவையும் இஸ்ரேல் பிடித்தது. 1972இல் பொதுவான அனுமதி கொடுத்து, மக்கள் பெரும்பாலும் போய்வர விட்டார்கள். 1991 ஜனவரியில், வளைகுடாப் போர் நேரத்தில், அது ரத்து. அதன்பிறகு ஆளுக்கு ஒரு பெர்மிட். 1993 மார்ச்சில், பெர்மிட் இல்லாமல் யாரும் இஸ்ரேலுக்குள் வரக்கூடாது என்று மூடியதும் சாவடிகள் நிலைத்துவிட்டன. வழக்கு வழியில் உதவ 1988 முதல் ஹமோகெத், காசாக்காரர்களின் பயணத்துக்கு 2005 முதல் கிஷா என்று வேறு அமைப்புகளும் உண்டு.

உறுத்தலான ஒன்று. ஒவ்வொரு பெர்மிட்டாகக் கெஞ்சி வாங்கித் தருவது அந்த இயந்திரத்துக்கு எண்ணெய் போடுவதுதான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கோட்டையூர்க்காரி

ஆச்சி வீட்டில் இந்தச் சண்டை மாதம் ஒருமுறை நடக்கும் சார். ஒரு தோழி இதைச் சொல்லியே விலகிப் போனார். ஆச்சி பதில் சொல்லாமல் காபி போடச் சொல்வார், ஏனென்றால் அதற்குள் போன் அடித்துவிடும்.

2023 அக்டோபருக்குப் பிறகு மேற்குக் கரைத் தொழிலாளர்களின் பெர்மிட்டுகளைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். அந்த வேலைக்குத்தான் இந்தியாவிலிருந்து பூச்சு வேலை, டைல்ஸ், கம்பி கட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். கானாடுகாத்தானில் பூச்சு வேலை செய்யும் என் சித்தப்பா மகன், மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் என்று என்னிடம் விசாரித்தான். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? யாருடைய இடத்துக்குப் போகிறாய் என்று மட்டும் சொன்னேன்.

மனுக்காரர், காரைக்குடி

கடைசியாக ஒரு தொழில் கேள்வி. படிவத்தில் அதிகம் திரும்பி வந்தது எதனால்?

கோட்டையூர்க்காரி

அடையாள எண்ணால்தான் அண்ணே. ஒன்பது இலக்கம். ஒன்று பிசகினால் வேறு ஆள். அரபிப் பெயரை ஹீப்ருவில் எழுதும்போதும் எழுத்து மாறிவிடும். அதனால் ஆச்சி போனில் எண்ணை அவர்களைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு, பின்னாலிருந்து முன்னாக ஒருமுறை சொல்லச் சொல்வார்.