கூடையில் ஊரும் புழுக்கள்

குழு: நம் குடும்பம்

அத்தை: வாழைப்பழக் கூடையைச் சுற்றிச் சின்னஞ்சிறு ஈக்கள். கனிந்துபோன பழத்தில் வெள்ளைப் புழுக்களும் இருக்கின்றன. ஒன்று ஓயாமல் ஊர்கிறது, இன்னொன்று கிடந்த இடத்திலேயே தின்கிறது. சோம்பேறி!

வளர்மதி: அத்தை, அதைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். பிறவிக் குணமாக இருக்கலாம். கனடாவில் மார்லா சோகோலோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் பழ ஈப் புழுக்களை ஈஸ்ட் தடவிய தட்டில் விட்டு, அவற்றின் தடங்களை அளந்தார். 1980இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நீளமாக ஊர்ந்து மேய்ந்தவை ‘ரோவர்’, சிறு வட்டத்துக்குள் மேய்ந்தவை ‘சிட்டர்’. வெளியில் பிடிக்கும் ஈக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் ரோவர், 30 சதவீதம் சிட்டர்.

பெரியப்பா: சிட்டருக்கு வலு குறைவோ?

வளர்மதி: இல்லை பெரியப்பா. உணவில்லாத தட்டில் இரண்டும் ஒரே அளவு ஊர்கின்றன! வாயில் உணவு பட்ட பிறகுதான் வேறுபாடு. எல்லாம் ‘ஃபொரேஜிங்’ என்ற ஒரே மரபணுவின் இரு வடிவங்கள். அது பிகேஜி என்ற நொதியை உண்டாக்குகிறது. ரோவரிடம் அந்த நொதியின் வேகம் சற்றே கூடுதல். சிட்டருக்குள் அந்த மரபணுவைக் கூடுதலாகச் செலுத்தினார்கள், அது ரோவரைப் போல ஊரத் தொடங்கியது. 1997இல் இந்த முடிவு வெளிவந்தபோது படித்தவர்கள் எப்படித் திகைத்திருப்பார்கள்!

கதிர்: அக்கா, இரண்டுக்கும் மூளையே வேறா?

வளர்மதி: இந்த மரபணு நரம்புச் செல்களுக்குள் போகும் செய்தியை மாற்றுகிறது. மூளையின் கட்டமைப்பையே மாற்றும் மரபணுப் பிறழ்வு வேறு. ஈயின் மூளையில் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் இணைத்து ஒரு நரம்புப் பாலம் கிடக்கிறது. ‘நோ-பிரிட்ஜ்’ ஈக்களுக்கு அது நடுவில் அறுந்திருக்கும். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் மார்ட்டின் ஹைசன்பெர்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் அவற்றை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஆறு கால்களும் நன்றாக இருந்தும் மெதுவாகவே நடந்தன. ஒவ்வோர் அடியும் குட்டையாக விழுந்தது.

அத்தை: ஐயோ பாவம். அப்படியானால் என் கூடையில் கிடப்பது?

வளர்மதி: உங்கள் புழுவுக்கு ஊரத் தெரியும் அத்தை, இருக்கும் இடத்தில் உணவும் இருக்கிறது. நெரிசல் குறைந்த ஆய்வக வளர்ப்பில் பல தலைமுறைகளுக்குப் பிறகு சிட்டர்தான் பெருகியது. நெரிசல் மிகுந்தால் ரோவருக்கு லாபம்.

கதிர்: அத்தை, பழத்தைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா?

அத்தை: இல்லை. பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள், பூதக்கண்ணாடியும் கொண்டு வாருங்கள்.