எனக்கு 43, அக்காவுக்கு 50: ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே?

எனக்கு மாதவிடாய் நின்றது 2021ல், 43 வயதில். மூத்த அக்காவுக்கும் அதே வருடம்தான் நின்றது. அவளுக்கு அப்போது 50. ஏழு வருட மூப்பு, ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து முடித்தோம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுராத்திரியில் உடம்பில் தீப்பிடித்த மாதிரி சூடு, தலையணை நனைகிற வேர்வை. போதாததற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "ரப்பர் வெட்டப் போனா இப்பிடித்தான், அந்த ஆசிட் மணம் கர்ப்பப்பையைக் கருக்கிரும்" என்றாள் மைனி. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன்தான் காரணம் என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. மொத்தத்தில் நான் என்னவோ தப்பு செய்துவிட்டேன்.

நாகர்கோவிலில் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தேன். நம் நாட்டில் சராசரி 46, 47. 45க்கு முன்னால் நின்றால் சீக்கிரம் என்றுதான் கணக்கு என்றார். அம்மாவுக்கு எப்போது நின்றது, வீட்டில் யாராவது பீடி சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்டார். அப்புறம் ஒரு கேள்வி: "நீங்க பிறந்தப்போ எப்படி இருந்தீங்க, சின்ன வயசில் சாப்பாடு எப்படி?"

முழித்தேன். அவர் விளக்கினார். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுமாம். ஐந்தாம் மாதத்தில் 60, 70 லட்சம். பிறக்கும்போது 10, 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். கடைசியில் ஆயிரம் அளவுக்கு வந்ததும் கடையை மூடிவிடும். முதல் இருப்பு எவ்வளவு, எந்த வேகத்தில் கரைகிறது என்பதில் தாய் வயிற்றில் இருந்த காலத்துக்கும் சின்ன வயதுக்கும் பங்கு இருக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு நின்ற வருடம் நினைவில்லை. "உனக்க அக்கா கல்யாணத்துக்கு முந்தின ஓணம்" என்றாள். அப்படியென்றால் 46. அக்கா பிறந்தது திருவட்டார் பக்கம் அம்மச்சி வீட்டில். நெல்லும் பசுவும் இருந்த வீடு, எட்டு வயதுவரை அங்கேயே வளர்ந்தாள். நான் வயிற்றில் இருந்தபோது அப்பா பனையிலிருந்து விழுந்து முதுகு போய்க் கிடந்தார். அம்மா மாசமாக இருந்துகொண்டே அண்டி ஆபீசுக்கு, அதுதான் முந்திரி ஆலைக்கு, போய் முந்திரிக்கொட்டை உடைத்தாள். வீட்டில் மூன்று வேளையும் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. "நீ பிறந்தப்போ பூனைக்குட்டி மாதிரி இருந்த மக்ளே" என்றாள்.

உங்களில் யாருக்காவது இப்படி உண்டா?

குலசேகரத்திலிருந்து:
மரச்சீனியில் வளர்ந்தவள்தான் நானும். ஏழு பிள்ளைகளில் ஆறாவது. எனக்கு நின்றது 52ல்! சீக்கிரம் நின்று தொலையாதா என்று நேர்ந்துகொண்டவள் நான்.

தக்கலையிலிருந்து, கிராம சுகாதார செவிலியர்:
அக்கா, இரண்டு பேர் கதையும் உண்மையாக இருக்க முடியும். இதெல்லாம் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற வித்தியாசம், ஒருத்தியை மட்டும் வைத்து இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை இன்றுவரை தொடர்ந்து கவனிக்கிறார்கள். அதில் பிறந்த எடையைவிட இரண்டு வயதில் இருந்த எடைதான் கணக்கில் வந்தது. இரண்டு வயதில் மெலிந்திருந்தவர்களுக்குச் சீக்கிரம் நின்றது, தாய்ப்பால் குடித்தவர்களுக்குத் தள்ளி நின்றது. நமக்கு இன்னும் நெருக்கமானது வங்காளதேசப் பெண்களைப் பற்றிய ஆய்வு. ஊரிலேயே வளர்ந்தவர்களைவிட, சிறு வயதிலேயே லண்டனுக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு முட்டை இருப்பு அதிகம். ஒரே இனம்தான், வளர்ந்த இடம்தான் வேறு. ஆனால் பாதிக்குப் பாதி பரம்பரை என்பதையும் மறக்கக் கூடாது. புகைப் பழக்கம் ஒன்றிரண்டு வருடத்தைப் பறித்துவிடும்.

இன்னொன்று. நான் வீடு வீடாகப் போய்க் கேட்கும்போது "40லயே நின்னுட்டு" என்பவர்களில் பலர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். அது வேறு கணக்கு. சினைப்பையை விட்டுவைத்திருந்தால் ஹார்மோன் உடனே நின்றுவிடாது. நீங்கள் காரணம் தேடுவது இருக்கட்டும், எலும்புத் தேய்மானத்துக்குப் பரிசோதனை செய்தீர்களா? சீக்கிரம் நின்றவர்களுக்கு எலும்பும் இதயமும்தான் முக்கியம்.

குளச்சலிலிருந்து:
எனக்கு 29. அம்மாவுக்கு 38ல் நின்றது. கல்யாணம், பிள்ளை என்று யோசிக்கும்போது இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

செவிலியர்:
கட்டாயம் சொல்லணும் பிள்ளே. கேட்கும்வரை காத்திருக்காதே.

மீண்டும் நான்:
எலும்புப் பரிசோதனை செய்தாயிற்று, கால்சியம் மாத்திரை போகிறது. ஒரு தப்பு செய்துவிட்டேன். டாக்டர் சொன்னதையெல்லாம் அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ எனக்க குத்தமா?" என்றாள். "இல்லம்மா, அப்பா விழுந்த அந்தப் பனையோட குத்தம்" என்று எதையோ உளறினேன். அவள் சமாதானமான மாதிரி தெரியவில்லை. இப்போது சனிக்கிழமை தோறும் நெத்திலி வாங்கிச் சுத்தம் செய்து, பஸ்ஸில் தெரிந்தவர் கையில் கொடுத்து விடுகிறாள். எலும்புக்கு நல்லதாம்.